சம்பந்திக்கு, கேடயம் வாங்கிய விவரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, மகள், கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாளின் தூக்கமின்மையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் பத்திரிகைத் துண்டோடு சேர்த்து அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதில் என்னை 'ஐயா' என்று அழைத்திருந்தீர்கள். போன மாதம் வரை 'சம்பந்தி' என்று எழுதிய கை, ஒரே ஒரு படத்தைப் பார்த்ததும் 'ஐயா' என்று எழுதிவிட்டது. பரவாயில்லை, நான் 'சம்பந்தி' என்றுதான் எழுதுவேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தாங்களும் பழையபடி அப்படியே எழுதுவீர்கள். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

முதலில் அந்தப் படம். மேடையில், கலர் விளக்குக்கு நடுவே, பிரார்த்தனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு கையில் கேடயத்தை ஏந்தி நிற்பது நான்தான். மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் நிற்பவர்கள் ஆட்டக்காரப் பெண்கள், துணி விஷயத்தில் மிகவும் சிக்கனமானவர்கள். அதில் நெட்டையாக இருக்கும் பெண்ணின் கை என் தோள்மேல் இருக்கிறது. என் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஊருக்கே மூக்குக்கண்ணாடி மாட்டுகிறவன் நான், கண்ணுக்குத் தெரிவதை இல்லை என்று சொன்னால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனால் படத்தில் தெரிவது வேறு, நடந்தது வேறு. நடந்ததைச் சொன்னால், 'இந்த மனிதருக்கு ஒரு கேடயம் போதாதே' என்றுதான் தாங்கள் நினைப்பீர்கள்.

அடுத்தது தங்கள் மூன்று நிபந்தனைகள். கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிரார்த்தனைக் குழுவின் செயலாளர் பதவியை விடவேண்டும். அந்தக் கூத்துக்கு வாசித்த 'வெட்கங்கெட்ட டோலக்காரனை' மண்டபத்தை விட்டு விரட்டவேண்டும். இதெல்லாம் நடக்கும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது. 'என் மகன் சாயங்காலமானால் மேல்படிப்பு வகுப்புக்குப் போகிறவன். உங்கள் ஊரில் வேலை பார்த்தாலும் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். அவனுக்கு இப்படி ஒரு மாமனாரா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

எங்கள் பிரார்த்தனை மண்டபத்துக்குப் பக்கத்தில் முன்பு ஒரு மெத்தைக் கிடங்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல். மெத்தைகள் இருந்தவரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வந்ததில்லை. திடீரென்று ஒரு நாள் மெத்தைகள் வெளியே போயின, கண்ணாடியும் விளக்கும் உள்ளே வந்தன, வாசலில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. பலகையைச் சுற்றிச் சிவப்பு பல்பு வேறு. எங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் தொழிலால் வக்கீல். அவர் உடனே மனு எழுதினார். அவர் எழுதினால் மனுவிலும் சுருதி சேர்ந்திருக்கும். நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், அந்தப் பக்கம் நிறைய நேரம் உட்கார்ந்தார், வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், அவங்க அவங்க சுவத்துக்குள்ள ஆடறாங்க, நீங்க உங்க சுவத்துக்குள்ள பாடறீங்க. ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கு. சத்தத்தை வேணும்னா நீங்களே பேசித் தீத்துக்குங்க." சத்தத்தை நாங்களே தீர்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? அன்றே குழுவைக் கூட்டினேன். அந்தக் கூடம் திறக்கிற அதே நேரத்துக்கு நம் பிரார்த்தனையையும் மாற்றவேண்டும், எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்து உட்காரவேண்டும், அடிவயிற்றிலிருந்து பாடவேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தீர்மானம் அடியேனுடையது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் டோலக் வாசிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார். கூச்ச சுபாவம். ஆனால் கை டோலக்கில் பட்டுவிட்டால் அந்தக் கூச்சமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. சின்ன வயதில் சமையலறையில் ஒரு டப்பாவை விட்டுவைத்ததில்லை, அரிசி டப்பாவுக்கு ஒரு நடை, காபித்தூள் டப்பாவுக்கு ஒரு நடை, மூடிகளெல்லாம் நெளிந்துபோய் அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொள்வார். இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான்.

தீர்மானம் போட்ட அன்று மாலை ஆரம்பித்தோம். முதலில் அந்தப் பக்கத்துப் பாட்டுப்பெட்டி எங்களை அமுக்கப் பார்த்தது. நாங்கள் விடவில்லை. எங்கள் டோலக் ஏற ஏற அவர்கள் பெட்டி திணறியது, ஒரு கட்டத்தில் அடங்கியே போயிற்று. அன்றைக்கு மண்டபத்தில் நடந்த கொண்டாட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்கவேண்டும். வக்கீல் ஆர்மோனியத்தை மூடாமலே எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "செயலாளரே, கோர்ட்டுல பத்து வருஷம் ஆகும், நீங்க ஒரே சாயங்காலத்துல முடிச்சிட்டீங்க" என்றார். மறுநாளும் பெட்டி சத்தமில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஆனால் வாசலில் வண்டிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. கூடம் நொடித்துப்போய்ச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள், ஏலம் எடுக்கத்தான் இவ்வளவு கூட்டம் என்று நான் குழுவுக்கு விளக்கினேன். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அந்த வாரக் கடைசியில் என் கடைக்கு ஒரு நெட்டைப் பெண் கண் பரிசோதனைக்கு வந்தாள். முழுக்க உடுத்திக்கொண்டுதான் வந்தாள், படத்தில் இருப்பவள் என்று தாங்களே பார்த்தாலும் சொல்லமாட்டீர்கள். நல்ல கிட்டப்பார்வை. எழுத்துப் பலகையில் மேல்வரியைத் தாண்டவில்லை. "மேடை ஓரம் தெரியமாட்டேங்குது சார், போன தடவ முன்வரிசைல ஒருத்தர் மடியிலயே விழுந்துட்டேன்" என்றாள். என்ன மேடை என்று கேட்டேன். சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்க பெட்டியை நிறுத்தி நாலு நாளாச்சு சார். உங்க டோலக்குக்குத்தான் ஆடறோம். அந்த மாதிரி ஒரு அடி நான் எங்கயும் கேட்டதில்ல. முதலாளி வாசல்ல 'நேரடி இசை'ன்னு போர்டே வெச்சிட்டாரு." கையில் இருந்த லென்சை நான் கீழே போடவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சம்பந்தி, இந்த இடத்தில் வேறு எந்தச் செயலாளராக இருந்தாலும் ராஜினாமா செய்துவிட்டுப் படுத்திருப்பார். நான் அன்று மாலையே மாற்றுத் திட்டம் கொடுத்தேன். பாட்டை மெதுவாக்கச் சொன்னேன். மெதுவாக்கினோம். அந்தப் பக்கம் ஆட்டமும் மெதுவாயிற்று. அது இன்னும் மோசம் என்று அதற்கடுத்த நாள் வாசலில் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வேகப்படுத்தினோம், சுவருக்கு அப்பால் விசில் பறந்தது. யாருக்கும் பிடிபடாத ஒரு கோணல் நடையில் வாசிக்கச் சொன்னேன், நம் டோலக் வாசிப்பவரும் கண்ணை மூடிக்கொண்டு எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தார், எங்களுக்கே பாட்டு எந்த அடியில் என்று தெரியவில்லை, வக்கீல் ஆர்மோனியத்தைத் தேமே என்று பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தடுமாறினார்கள். இரண்டாம் நாள் அதையும் படித்துக்கொண்டு, கூட்டம் முழுக்க அந்தக் கோணல் அடிக்குச் சரியாகக் கைதட்டியது. எங்கள் மண்டபத்தில் இத்தனை வருஷமாக ஒருவருக்கும் நேர் அடிக்கே கைதட்ட வரவில்லை. கடைசியில் மௌனப் பிரார்த்தனை என்று அறிவித்தேன். எல்லோரும் வாயை மூடி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் குறட்டை கேட்டது. அதற்குப் பிறகு சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். "அண்ணே, எப்ப ஆரம்பிப்பீங்க, ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று ஒரு குரல்.

ஒரே ஒரு ஆயுதம் மட்டும் அவர்களை அசைத்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சமீபத்தில் குழுவில் ஒரு புதியவர் சேர்ந்தார். பக்தியான பையன், தினமும் வந்து தூணுக்கு எதிரில் உட்காருவார். பாடச் சொன்னால் சுருதி வராது, எனவே கையில் தாளத்தைக் கொடுத்து உட்காரவைத்தோம். அதுவும் அவருக்கு வராது. எல்லோரும் அடித்து முடித்த பிறகு நிதானமாகத் தன்னுடைய அடியைப் போடுவார். பார்வை எப்போதும் தூணின் மேலேயே இருக்கும், தாளத்தில் இருக்காது. அவர் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் கால் இடறுகிறதாம், இரண்டு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்களாம். கேட்டு எனக்கு மகா திருப்தி. ஆனால் ஒருவரை மட்டும் வைத்து எவ்வளவு நாள் யுத்தம் நடத்துவது?

ஆகவே நேரில் போய் எச்சரிக்கை கொடுப்பது என்று குழு முடிவு செய்தது. யார் போவது என்று கேட்டபோது வக்கீலுக்குத் திடீரென்று ஆர்மோனியத்தில் காற்று இறங்கிவிட்டது, மற்றவர்களுக்குச் செருப்பு காணாமல் போய்விட்டது. நான் போனேன். பொறுப்பில் இருப்பவன் பின்வாங்கக்கூடாது. பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, தெருவைச் சுற்றி, அந்த வாசலுக்குப் போனேன். வாசல்காரன் என் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்து, "வயசுக்கு அத்தாட்சி இருக்கா" என்று கேட்டான். என் தலையைக் காட்டினேன். விட்டுவிட்டான்.

உள்ளே நிற்க இடமில்லை. ரகளை இருக்கும், கூச்சல் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் இல்லை. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையைப் பார்த்தவர்கள் பாதி, சுவரைப் பார்த்தவர்கள் பாதி. நம் மண்டபத்தில் நான் எப்போதும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவன், என் குரலைத் தவிர எனக்கு வேறு எதுவும் கேட்டதில்லை. அந்தக் கூடத்துக்குள் நின்றபோதுதான் முதல்முறையாக நம் டோலக்கைக் கேட்டேன். ஒற்றைச் செங்கல் சுவர் பாட்டையெல்லாம் வடிகட்டிவிட்டு அந்த அடியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவு, அவ்வளவு தைரியம். பக்கத்தில் ஒருவர், லாரி ஓட்டுகிறவர்போல இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சம்பந்தி. புகை அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்துக்காரர் என்னைக் கண்டுகொண்டார். அவரும் என் வாடிக்கையாளர், இரண்டு பார்வைக் கண்ணாடி. "நம்ம செயலாளர் வந்திருக்காரு" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் எழுந்து நின்றது. எச்சரிக்கையைச் சொல்லத்தான் மேடை ஏறினேன், சத்தியமாக அதற்குத்தான். ஏறியதும் கையில் கேடயத்தைத் திணித்தார்கள். 'சுவருக்கு அப்பால் இருக்கும் கலைஞருக்கு' என்று அதில் பொறித்திருக்கிறது. எப்போதோ செய்து வைத்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் காத்திருந்தார்களாம். போட்டோக்காரர் நிறுத்தியபோது நெட்டைப் பெண் என் தோளைப் பிடித்ததன் காரணம் மேடை ஓரம். கண்ணாடி இன்னும் தயாராகவில்லை, என் கடையில்தான் இருந்தது, விழுந்தால் பொறுப்பு எனக்கு. எச்சரிக்கையும் சொன்னேன். "இது நல்லதுக்கில்ல" என்று தெளிவாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

இனி தங்கள் நிபந்தனைகள். கேடயத்தை மறுநாளே திருப்பிக் கொண்டுபோனேன். கூடத்துக்காரர் வாங்க மறுத்துவிட்டார், "கலைஞருக்குக் கொடுத்தது, நான் எப்படித் திருப்பி வாங்குவேன்" என்றார். ஆகவே யார் கண்ணிலும் படாமல் பரணில் போட்டுவிட்டேன். பதவியை ராஜினாமா செய்தேன். குழு அதை ஒருமனதாக நிராகரித்து, தலைவர் பதவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது, இப்போது மண்டபத்தில் முன்பைவிட இரண்டு மடங்கு கூட்டம் வருவதால் என்னை விடமுடியாதாம். மூன்றாவதாக, டோலக் வாசிப்பவர். அவரிடம் கண்டிப்பாகப் பேசிவிட்டேன். உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும். இதற்குமேல் அந்த விஷயத்தில் தாங்கள் கவலைப்படத் தேவையில்லை.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கலாட்டா எதுவும் அவளுக்குத் தெரியாது. வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள். பெண் பார்க்க வந்தபோது சம்பந்தி அம்மாள், "எங்க வீட்டுப் பொம்பளைங்க நாலு பேர் முன்னாடி உக்காந்து பாட்டு கீட்டுன்னு ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்று சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. அவள் பாடுவதே இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். தங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருக்கிறாள். ஒரு அப்பாவாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால்தான் இத்தனை பக்கம். பெரியவர்கள் நமக்குள் பேசித் தீர்க்கவேண்டியதற்கு அந்தக் குழந்தைகளைத் தண்டிக்கவேண்டாம். தேதியைக் குறித்து எழுதுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். தங்கள் வீட்டுச் சிறியவர்களுக்கு எங்கள் ஆசி. தங்கள் பழைய கண்ணாடி மங்கலாகியிருந்தால் ஃபிரேமோடு அனுப்புங்கள், புது லென்ஸ் போட்டுத் தருகிறேன்.

என்றும் தங்கள் சம்பந்தியாகவே இருக்கும்,
பிரார்த்தனைக் குழுத் தலைவர் மற்றும் செயலாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாம் சரி, அந்த ஒண்ணை மட்டும் எழுதாம பாக்கி எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆகவே எழுதுகிறேன். டோலக் வாசிப்பது என் மகள். நெளிந்த டப்பாக்கள் எங்கள் வீட்டு டப்பாக்கள். தலையில் அடித்துக்கொண்டது என் மனைவி. கேடயம் பரணில் இல்லை, வாசல் அறையில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில் இருக்கிறது, நானே ஆணி அடித்தேன். மேடையில் அழுததற்குப் புகை காரணம் இல்லை, அங்கே யாரும் புகைக்கவே இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று அந்த லாரிக்காரர் சொன்னபோது, 'நான் பெத்தது' என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அதற்காகத்தான் அழுதேன். அந்தத் தைரியம் இப்போது வந்துவிட்டது. அவளை மண்டபத்தை விட்டு விரட்டமாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வாசிப்பாள். சம்மதம் இல்லையென்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். மறுபடியும் ஐயா என்றே எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நிறுத்துவதற்கு முன் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் மேல்படிப்பு வகுப்புக்குப் போவதில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் மண்டபத்தில், தூணுக்கு எதிரில், கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நேற்றுக் கூடத்துக்காரர் ஆள் அனுப்பியிருந்தார், டோலக் தங்கம், ஆனால் அந்தத் தாளம் போடுகிறவரைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், பெண்கள் விழுந்து அடிபடுகிறார்கள் என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை.